நிழலுக்கேற்ற செடி

தொட்டிச் செடி வளர்க்க விரும்புகிறவர்களில் பெரும்பாலோர், நாற்றுப்பண்ணைக்குச் சென்று கண்ணுக்கு அழகாகத் தோன்றிய செடியை முதலில் வாங்கிவிட்டு, அதை எங்கே வைப்பது என்ற யோசனையை வீட்டுக்கு வந்த பின்பே தொடங்குகிறார்கள். வெயில் தாராளமாக விழும் மொட்டைமாடியை உடையவர்களுக்கு இம்முறையால் பெரிய நஷ்டம் ஒன்றும் வருவதில்லை. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியோ, இரண்டு மதில்களுக்கு நடுவே அகப்பட்ட கொல்லைப்புறமோ, பழைய வீட்டின் தாழ்வாரமோ மட்டுமே வாய்த்தவர்கள், ஆசையோடு கொண்டுவந்த ரோஜா சில மாதங்களில் மொட்டு விடாமல் நின்றுபோவதையும், துளசி தண்டு நீண்டு இலை உதிர்ந்து குச்சியாவதையும், குரோட்டன்ஸ் தன் சிவப்பையும் மஞ்சளையும் இழந்து வெறும் பச்சையாகிவிடுவதையும் கண்டு, தங்களுக்குக் கைராசி இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஓர் இடத்தில் நாளொன்றுக்கு விழும் வெளிச்சம் இவ்வளவு என்றும், ஒரு செடி உயிர் தரித்து வளர வேண்டிய வெளிச்சம் இவ்வளவு என்றும் இரண்டு தொகைகள் உண்டு. முன்னது பின்னதை எட்டாதபோது எந்த உரமும் எந்தப் பராமரிப்பும் அந்தக் குறையை நிரப்ப வல்லவை அல்ல. ஆகவே நிழலான இடத்துக்குச் செடி தேடுகிறவர் முதலில் அறிய வேண்டியது தம் வீட்டு நிழலின் சுபாவத்தை; செடிகளின் பெயர்கள் அதற்குப் பிறகு வரட்டும்.

வரவும் செலவும்

1771-ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலேயர், மெழுகுவர்த்தி எரிந்து கெட்டுப்போன காற்றில் ஒரு புதினாத் தளிரை வைத்து, சில நாட்களுக்குப் பின் அந்தக் காற்று மறுபடியும் சுடரைத் தாங்கும் தன்மையை அடைந்ததைக் கண்டார். அந்தப் பரிசோதனையைப் பிறர் செய்து பார்த்தபோது சில சமயம் பலித்தது; சில சமயம் பலிக்கவில்லை. இந்தப் புதிருக்கு விடை கண்டவர், வியன்னா அரச குடும்பத்துக்கு வைத்தியராக இருந்த டச்சுக்காரரான யான் இங்கன்ஹவுஸ். அவர் 1779-ஆம் ஆண்டுக் கோடையில் லண்டனுக்கு அருகே ஒரு கிராமத்து வீட்டில் தங்கி, மூன்று மாதத்துக்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பரிசோதனைகளை நடத்தி, காற்றை நல்லதாக்கும் சக்தி செடியின் பச்சைப் பாகங்களுக்கு மட்டுமே உண்டென்றும், அதுவும் வெளிச்சத்தில் மட்டுமே நிகழும் என்றும், இருட்டில் அதே இலைகள் காற்றைக் கெடுக்கவே செய்கின்றன என்றும் நிரூபித்தார். அதே ஆண்டு வெளிவந்த அவருடைய நூலில், நம் அத்தியாயத்துக்கு மிக நெருங்கிய ஒரு செய்தியும் இருக்கிறது: உயரமான கட்டடங்களின் நிழலிலும் அடர்ந்த மரங்களின் இருண்ட நிழலிலும் நிற்கும் செடிகள், பகற்பொழுதிலேயே நல்ல காற்றைத் தராமல் கெட்ட காற்றைத் தருகின்றன என்று அவர் எழுதிவைத்தார். தொட்டிச் செடிக்காரர்களின் கஷ்டம் இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சோதனைக் குடுவையில் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது என்றே சொல்லலாம்.

அவர் கண்டதை இன்றைய பாஷையில் கூறுவது எளிது. இலை வெளிச்சத்தின் உதவியால் கரியமிலவாயுவையும் நீரையும் சேர்த்துச் சர்க்கரையை உண்டாக்கி, பிராணவாயுவை வெளியிடுகிறது. அதே இலையும், அதனோடு சேர்ந்த தண்டும் வேரும், இரவும் பகலும் ஓயாமல் சுவாசித்து அந்தச் சர்க்கரையைச் செலவழிக்கின்றன. பகலில் மட்டும் சம்பாதித்து இருபத்து நான்கு மணி நேரமும் சாப்பிட வேண்டிய குடும்பம் இது. வரவும் செலவும் சரியாக ஒத்துப்போகும் வெளிச்சத்தின் அளவை, தாவர நூலார் ஒளி ஈட்டுப் புள்ளி என்பார்கள். வெயிலில் வாழப் பிறந்த செடியின் இலைக்கு அந்தப் புள்ளி சுமார் 500 முதல் 1,000 லக்ஸ் வரையில் இருக்க, காட்டின் அடித்தளத்தில் வாழப் பிறந்த செடியின் இலை அதில் ஒரு சிறு பங்கைக் கொண்டே கணக்கைச் சரிக்கட்டிவிடுகிறது. ஆனால் இது இலையின் கணக்கே தவிர முழுச் செடியின் கணக்கு அன்று. பன்னிரண்டு மணி நேர இரவையும், தாம் ஒன்றும் சம்பாதிக்காத வேரையும் தண்டையும் போஷிக்க வேண்டியிருப்பதால், செடி சாகாமலிருக்கவே அந்தப் புள்ளியைப் போல் சில மடங்கு வெளிச்சம் தேவைப்படும். புதிய இலை விட வேண்டுமானால் இன்னும் சற்று அதிகம் வேண்டும்.

இந்த அளவை அறிவதில் நமக்குப் பெரிய இடையூறாக நிற்பது நம்முடைய கண்ணே. சித்திரை மாதத்து நடுப்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். அதே வேளையில், நேர் வெயில் படாமல் வானம் நன்றாகத் தெரியும் திறந்த நிழலில் 10,000 முதல் 20,000 லக்ஸ். கூரையின் கீழ்த் தாழ்வாரத்தில் ஆயிரமோ இரண்டாயிரமோ. அதையொட்டிய அறையின் உள்ளே சில நூறு மட்டுமே. வெயிலிலிருந்து அறைக்குள் வரும்போது வெளிச்சம் முந்நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆனால் கண்ணின் பாவை விரிந்தும், விழித்திரை தன் கூர்மையை ஏற்றியும் அந்த வித்தியாசத்தை மறைத்துவிடுவதால், அறையில் உட்கார்ந்து செய்தித்தாள் வாசிக்கிறவருக்கு ‘இங்கே வெளிச்சத்துக்கு என்ன குறை?’ என்றே தோன்றுகிறது. இலைக்குப் பாவையும் இல்லை, விழித்திரையும் இல்லை. விழுந்ததை மட்டுமே அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

ஒளிமானியோ, கைப்பேசியில் அந்த வேலையைச் செய்யும் செயலியோ இருப்பவர்கள் அதைக் கொண்டு அளந்துகொள்ளலாம். அது இல்லாதவர்களுக்கும் எளிய உபாயம் ஒன்று உண்டு. செடி நிற்கப்போகிற இடத்தில், இலைகள் இருக்கும் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தி மேலே நோக்கி, அங்கிருந்து வானம் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்க வேண்டும். நேர் வெயில் விழாத இடத்தில் செடிக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் பெரும்பகுதி வானத்திலிருந்தே வருவதால், தெரியும் வானத்தின் அளவே ஏறக்குறைய வெளிச்சத்தின் அளவாகும். பால்கனியின் கைப்பிடிச் சுவரருகே வானத்தில் பாதி தெரியும். அங்கிருந்து நான்கடி உள்ளே தள்ளி வைத்த தொட்டிக்கு ஒரு கீற்றுதான் தெரியும். ஒரே பால்கனியில் விளிம்பில் நிற்கும் செடி தழைப்பதும், சுவரோரம் நிற்கும் அதன் சகோதரி மெலிவதும் இதனால்தான். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கொஞ்சம் உதவும். வெண்சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

நிழல்களின் பேதம்

நிழல்கள் எல்லாம் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை அல்ல. வேப்பமரத்தின் நிழலுக்கும் அதே அளவு இருண்ட சுவரின் நிழலுக்கும், நாம் உணராத, செடி மட்டும் உணர்கிற ஒரு பேதம் உண்டு. மரத்தின் இலைகள் சூரிய ஒளியிலுள்ள நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சிக்கொண்டு, பச்சையில் ஒரு பங்கையும், சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குப் புலப்பட்டும் புலப்படாமலும் நிற்கும் நெடுஞ்சிவப்பு ஒளியையும் கீழே வடியவிடுகின்றன. திறந்தவெளியில் சிவப்பும் நெடுஞ்சிவப்பும் ஏறக்குறைய சமமாக இருக்க, அடர்ந்த இலைக்கூரையின் கீழ்ச் சிவப்பு பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இந்த விகிதத்தை அறிய ஒவ்வொரு செடியிலும் பைட்டோகுரோம் என்னும் நிறமி இருக்கிறது. அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்துப் பெல்ட்ஸ்வில் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், 1952-இல் லெட்டூஸ் விதைகளை வைத்து அதன் செயலை உணர்ந்த விஞ்ஞானிகள், 1959-இல் அந்தப் பொருளையே பிரித்தறிந்தார்கள். நெடுஞ்சிவப்பு மிகுந்ததும் வெயிற்செடி தனக்கு மேலே வேறொரு செடி இருப்பதை அறிந்து, இலைக்குச் செலவிட வேண்டிய ஆகாரத்தைத் தண்டுக்குச் செலவிட்டு, அதை முந்திக்கொண்டு உயர முயல்கிறது. காட்டில் இது சாமர்த்தியம். எட்டிப் பிடிக்க வெயிலே இல்லாத கொல்லைப்புறத்தில் இது வீண் செலவு.

சுவரின் நிழலில் அந்த விகிதம் அதிகம் மாறுவதில்லை. அங்கே வருவது நீலம் மிகுந்த வானத்து ஒளி. ஆகவே ஒரே அளவு வெளிச்சமானால், சுவர் நிழலில் செடி சற்றுக் குறுகி உறுதியாக வளரும். மரநிழலுக்கும் தன்னுடைய லாபம் ஒன்று உண்டு: இலைகளின் இடுக்கு வழியே விழுந்து நகர்ந்து செல்லும் வெயில் திட்டுகள். மழைக்காட்டின் தரைக்கு வெளியில் உள்ள ஒளியில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் கிடைக்கிறது. அந்தச் சொற்பத்திலும் பாதிவரை இவ்வாறு சில நிமிஷங்கள் தங்கிப்போகும் திட்டுகளால் வருவதுண்டு.

இனித் திசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டக்கலையைப் பற்றி நாம் வாசிக்கும் நூல்களில் பல, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அவற்றில் வடக்குப் பார்த்த இடம் எப்போதும் நிழல் என்றும், தெற்குப் பார்த்த இடம் எப்போதும் வெயில் என்றும் விதி வகுத்திருக்கும். லண்டனில் அது உண்மை. அங்கே நடுப்பகற் சூரியன் ஒருநாளும் தலைக்கு வடக்கே போவதில்லை. சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே சென்று, ஆகஸ்ட் மாதத்து நடுவுக்குப் பின்பே திரும்பித் தெற்கே வருகிறது. இந்த நான்கு மாதத்தில் அது உதிப்பதும் மறைவதும் வடக்கே சாய்ந்தே. ஜூன் 21-ஆம் தேதி நடுப்பகலில்கூட உச்சிக்கு வடக்கே 10 பாகை தள்ளி நிற்கிறது. கன்னியாகுமரியில் அன்று இது 15 பாகை. எனவே நம் நாட்டில் வடக்குத் தாழ்வாரம், அக்கினி நட்சத்திரம் உட்பட அந்தக் கடுங்கோடையில், கூரை நடுப்பகல் வெயிலைத் தடுத்தாலும், காலையிலும் மாலையிலும் சாய்வெயிலை வாங்குகிறது. தெற்குத் தாழ்வாரமோ அதே காலத்தில் குளிர்ந்த நிழலாக இருந்து, மார்கழியில் சூரியன் தெற்கே தாழ்ந்து போகும்போது வெயிலை உள்ளே அழைத்துக்கொள்கிறது. பனிக்காலத்தில் வடக்குப் பக்கத்தைப் பார்த்து ‘இங்கே வெயிலே வராது’ என்று பெரணியை வைத்தவர், மே மாதத்தில் அது கருகுவதைக் கண்டு திகைப்பது இதனால்தான். கிழக்குப் பார்த்த இடத்தில் வரும் இளவெயில் நிழற்செடிகளுக்கு நன்மையே செய்யும். மேற்கு வெயில் பகலெல்லாம் சூடேறிய காற்றோடும் சுவரோடும் சேர்ந்து வருவதால், ஒரு மணி நேரமானாலும் மெல்லிய இலைகளை வாட்டிவிடும். நிலத்தில் நட்ட செடிக்கு இல்லாத சௌகரியம் தொட்டிக்கு உண்டு: பருவம் மாறும்போது அதை இடம் மாற்றலாம்.

நிழலில் பிழைக்கும் உபாயங்கள்

நிழலில் வாழும் செடி, குறைந்த வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும் வெறும் ஏழை அன்று. அதன் உடலமைப்பு முழுவதும் சிக்கனத்துக்காக அமைந்தது. நிழலில் விரிந்த இலை அகலமாகவும் மெல்லியதாகவும் இருக்கிறது. வெயிலில் விரிந்த இலையில் ஒளியை வாங்கும் நீண்ட உயிரணுக்கள் இரண்டு மூன்று அடுக்காக இருக்க, இதில் ஒரே அடுக்குதான். ஆனால் எடைக்கு எடை பச்சையம் அதிகம். கட்டுவதற்கும் காப்பதற்கும் குறைந்த செலவுள்ள இந்த இலை, முழு வெயிலின் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைந்த ஒளியோ விழுந்ததுமே தன் முழுத் திறனையும் எட்டிவிடுகிறது. அதற்குமேல் விழும் ஒளியை அது பயன்படுத்த இயலாது. அந்த மிகுதி அதன் ஒளிச்சேர்க்கைக் கருவிகளையே சிதைக்கிறது. பல மாதம் உள்ளே நின்ற செடியின்மேல் இரக்கங்கொண்டு, ‘ஒரு நாளாவது வெயில் காட்டுவோம்’ என்று மொட்டைமாடியில் வைத்தால், மாலைக்குள் இலைகள் வெளுத்துத் தீய்ந்துபோவது இக்காரணத்தாலேயே.

இலை ஒருமுறை விரிந்துவிட்டால் அதன் கட்டமைப்பு மாறுவதில்லை; புதிய இடத்துக்கு ஏற்ற இலை புதிதாகத்தான் பிறக்க வேண்டும். வெயிலில் வளர்த்து விற்கப்பட்ட ஃபைகஸ் செடி வீட்டு நிழலுக்கு வந்த சில வாரங்களில் இலைகளைக் கொட்டுவது நோய் அன்று, இந்த மாற்றத்தின் முதற்படி. ஆனால் புதிய இலைகளைக் கட்ட உடம்பில் சேமிப்பு வேண்டும். ஆகையால் பண்ணையில் நிழல்வலையின் கீழ் வளர்ந்த செடியைக் கேட்டு வாங்குவதே விவேகம்.

சில நிழற்செடிகளின் உபாயங்கள் ஆச்சரியமானவை. மலேசியக் காடுகளில் வளரும் மயில் பிகோனியாவின் இலைகள் நீலமாக மின்னுகின்றன. அந்த இலைகளின் பசுங்கணிகங்களில் மெல்லிய ஏடுகள் மிக ஒழுங்கான இடைவெளியோடு அடுக்கப்பட்டிருந்து, நீல ஒளியைத் திருப்பி அனுப்பிவிட்டு, காட்டின் அடியில் மிஞ்சிக் கிடைக்கும் பச்சை, சிவப்பு ஒளிகளைத் திறம்படச் சேகரிப்பதையும், அதனால் மங்கிய வெளிச்சத்தில் ஆகாரம் தயாரிக்கும் திறன் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துவரை கூடுவதையும் 2016-இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். பெரணிகளின் வரலாறு இன்னும் விநோதமானது. பூக்கும் தாவரங்கள் பூமியில் பெருகி உயர்ந்த காலத்தில், அவற்றைவிடப் புராதனமான பெரணிகள் மறைந்துபோகாமல், அந்த மரங்கள் உண்டாக்கிய நிழலையே தம் இருப்பிடமாக்கிக்கொண்டு புதிய இனங்களாகப் பெருகின. சிவப்பு, நீலம் என்ற இரண்டு ஒளிகளையும் ஒருங்கே உணர்ந்து மங்கிய வெளிச்சத்திலும் திசை அறிய உதவும் நியோகுரோம் என்ற புரதத்தை, பல பெரணிகளின் மூதாதை, கொம்புப் பாசி வகையைச் சேர்ந்த வேறொரு செடியினிடமிருந்து பெற்றுக்கொண்டது என்பதை 2014-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி காட்டியது.

செடி எப்போதும் வெளிச்சத்தை நோக்கியே வளரும் என்பதும் முழு உண்மை அன்று. கோஸ்டாரிக்காக் காடுகளில் மான்ஸ்டெரா வகைக் கொடி ஒன்றின் நாற்றுகள், அருகில் எது மிக இருண்டிருக்கிறதோ அதை நோக்கியே ஊர்ந்து செல்வதை இரண்டு விஞ்ஞானிகள் 1975-இல் வெளியிட்டார்கள். காட்டில் மிக இருண்ட பக்கம் பெரும்பாலும் பருத்த அடிமரத்தின் பக்கமாகவே இருக்கும். அதைப் பற்றிக்கொண்டால் பிறகு வெளிச்சத்துக்கு ஏறிவிடலாம். இந்த ஏறுகொடிகளின் குடும்பத்தைச் சேர்ந்ததே நம் வீடுகளிலெல்லாம் பாட்டிலிலும் தொட்டியிலும் வளரும் மணிபிளாண்ட். பசிபிக் சமுத்திரத்திலுள்ள மோரியா என்ற சிறு தீவைத் தாயகமாகக் கொண்ட இது, தொட்டியில் கையகல இலையோடு நின்றாலும், பெரிய மரத்தைப் பற்றி மேலேறினால் முழ நீளத்துக்கும் அதிகமான, ஓரம் கிழிந்த பேரிலைகளை விடுகிறது. நாம் காண்பது அதன் பால்ய ரூபத்தை. காட்டு நிழலில் கழிக்க வேண்டிய பருவத்திலேயே அது நம்மிடம் வாழ்நாளெல்லாம் நின்றுவிடுவதால்தான் அதற்கு நம் வீட்டு நிழல் பழக்கமான இடமாக இருக்கிறது.

எவற்றை வைக்கலாம்?

மேலே சொன்னவற்றை மனத்தில் கொண்டால் தேர்வு கடினமாக இராது. நேர் வெயில் இல்லாமல் வானம் தாராளமாகத் தெரியும் திறந்த நிழலையோ, காலை இளவெயிலையோ உடையவர்களுக்கு நம் நாட்டுச் செடிகளே போதும். வெற்றிலை இதற்கு முதல் உதாரணம். சோழவந்தானிலும் ஆத்தூரிலும் கொடிக்கால் போடுகிறவர்கள், அகத்தியை முதலில் வளர்த்து, அதன் நிழலிலும் அதையே கொழுகொம்பாகக் கொண்டும் வெற்றிலையைப் படரவிடுகிறார்கள். காட்டுநிழலின் அளவை மரத்தின் அடர்த்தியால் அமைத்துக்கொள்ளும் இந்தக் கலையை அவர்கள் ஒளிமானி இல்லாமலே கற்றிருக்கிறார்கள். அதன் உறவினர்களான மிளகும் திப்பிலியும், ஈரத்தை விரும்பும் வல்லாரையும், இஞ்சி வகுப்பைச் சேர்ந்த சித்தரத்தையும் இந்த இடத்துக்கு ஏற்றவை. கற்பூரவல்லி சற்று அதிக வெளிச்சம் கேட்கும். விளிம்பில் வைத்தால் இலை தடித்து மணக்கும், உள்ளே தள்ளினால் நீண்டு தொய்ந்துவிடும்.

கூரையின் கீழ், வானத்தில் ஒரு துண்டு மட்டும் தெரியும் இடத்தில் பெரணி, பிகோனியா, அக்லோனிமா, பீஸ் லில்லி, மராண்டா ஆகியவை நன்றாகவே வாழும். இவற்றில் வர்ணம் மிகுந்த வகைகளை நாடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: இலையிலுள்ள வெண்பாகத்தில் பச்சையம் இல்லை, அது சம்பாதிக்காமல் சுவாசம் மட்டும் செய்கிறது. ஆகையால் வெள்ளை மிகுந்த ரகத்துக்கு, அதே செடியின் பச்சை ரகத்தைவிட அதிக வெளிச்சம் வேண்டும். இடம் எவ்வளவுக்கு இருண்டதோ அவ்வளவுக்கு ஆழ்ந்த பச்சை இலையைத் தேர்ந்தெடுப்பது நலம். பெரணியின் விஷயத்தில் வெளிச்சத்தைவிடக் காற்றின் ஈரமே முக்கியம். 1829-இல் லண்டன் வைத்தியரான நத்தானியேல் வார்ட், புகை நிறைந்த தம் வீட்டுத் தோட்டத்தில் எவ்வளவு முயன்றும் பிழைக்காத பெரணி, வேறொரு காரணத்துக்காக மூடிவைத்த கண்ணாடிப் புட்டியின் ஈரக்காற்றில் தானாக முளைத்துச் செழித்ததைக் கண்டார். அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டியே பின்னர்க் கப்பலேறி உலகெங்கும் செடிகளைக் கொண்டு சென்றது. கடலோர ஊர்களில் பெரணி எளிதாக வளர்வதும், உள்நாட்டில் கோடையின் வறண்ட காற்றில் அதன் நுனிகள் காய்வதும் இதனால் விளங்கும். தனித்து வைக்காமல் பல தொட்டிகளை நெருக்கி வைத்தால், அவை வெளிவிடும் நீராவியே கொஞ்சம் துணைசெய்யும்.

மிக இருண்ட மூலைக்கு மிஞ்சுகிறவை சிலவே: மணிபிளாண்ட், பாம்புக்கற்றாழை, ஸீஸீ என்று பண்ணைகளில் வழங்கும் கிழக்காப்பிரிக்கச் செடி. இவற்றுள் பாம்புக்கற்றாழை உண்மையில் நிழற்செடி அன்று. அதன் இனத்தைச் சேர்ந்த மருள் நம் கிழக்குக் கரையின் வறண்ட புதர்க்காடுகளில் வளர்வதையும், அதன் நாரால் வில்நாண் திரித்ததையும் அறிவோம். பகலில் இலைத் துளைகளை மூடி, குளிர்ந்த இரவில் திறந்து கரியமிலவாயுவை வாங்கும் இந்தச் செடி, செலவை மிகக் குறைத்துக்கொண்டு பல மாதம் காத்திருக்க வல்லது. இருட்டு மூலையில் அது வாழ்கிறது என்பதைவிடச் சாகாமல் இருக்கிறது என்பதே பொருந்தும். அத்தகைய இடத்துக்கு ஒரே வகையில் இரண்டு தொட்டிகளை வைத்துக்கொண்டு, ஒன்று உள்ளே நிற்கும்போது மற்றொன்றைத் திறந்த நிழலில் தேறவிட்டு, சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல ஏற்பாடு. ரோஜா, மல்லிகை, துளசி, செம்பருத்தி ஆகியவற்றை நிழலுக்கு நினைக்கவே வேண்டாம்; பூவுக்கும் வாசனைக்கும் வேண்டிய ஆகாரத்தை வெயில் ஒன்றே தர முடியும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் ஓர் எச்சரிக்கை அவசியம். மணிபிளாண்ட், அக்லோனிமா, கலேடியம், டீஃபன்பேக்கியா, பீஸ் லில்லி எல்லாம் சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை. சேப்பங்கிழங்கும் சேனையும் சரியாக வேகாதபோது நாவில் எழும் அரிப்புக்குக் காரணமான, ஊசிபோல் கூரிய கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் இவற்றின் இலைகளிலும் இருக்கின்றன. கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். டீஃபன்பேக்கியாவில் இது கடுமை.

இந்தச் செடிகள் வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று கேள்விப்பட்டு வாங்குகிறவர்களும் உண்டு. 1989-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா, மூடிய சிறு பெட்டிகளில் நடத்திய சோதனையே அந்தப் பேச்சின் மூலம். 2019-இல் அத்தகைய ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பரிசீலித்தவர்கள், சாதாரணக் காற்றோட்டத்துக்குச் சமமான பலனைப் பெற ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டும் என்று கணக்கிட்டார்கள். ஜன்னலைத் திறந்துவைப்பது அதைவிட எளிது. செடியைக் கண்ணுக்காகவும் மனத்துக்காகவும் வளர்க்கலாம். அதற்கு மேல் அதனிடம் வேலை வாங்க வேண்டியதில்லை.

தண்ணீரும் தொட்டியும்

நிழலில் இறக்கும் தொட்டிச் செடிகளுள் மிகப் பல, வெளிச்சக் குறைவால் நேரே இறப்பதில்லை. அந்தக் குறைவை அறியாமல் ஊற்றப்பட்ட தண்ணீரால் இறக்கின்றன. இங்கிலாந்துப் பாதிரியாரான ஸ்டீஃபன் ஹேல்ஸ், தொட்டியில் வளர்ந்த மூன்றரை அடி உயரச் சூரியகாந்தி ஒன்றை, மண்ணிலிருந்து நீராவி போகாதபடி ஈயத் தகட்டால் மூடி, நாள்தோறும் நிறுத்துப் பார்த்து, அது சராசரியாக ஒரு பகலில் 20 அவுன்ஸ், அதாவது அரைக் கிலோவுக்கும் மேற்பட்ட நீரை இலைகளின் வழியே வெளிவிடுவதைக் கண்டு, 1727-இல் வெளியான நூலில் பதிவு செய்தார். அந்த நீரை ஆவியாக்கும் சக்தி பெரும்பாலும் வெயிலிடமிருந்து வருவது. வெயில் இல்லாத இடத்தில் செடி குடிப்பது சொற்பம்; மொட்டைமாடிச் செடிக்கு ஊற்றும் கணக்கிலேயே இதற்கும் தினமும் ஊற்றினால், மண்ணிலுள்ள துளைகளெல்லாம் நீரால் நிறைந்துவிடும். பிராணவாயு காற்றில் பரவும் வேகத்தைவிட நீரில் பரவும் வேகம் ஏறக்குறைய பதினாயிரம் மடங்கு குறைவு. ஆகவே நீர் நின்ற மண்ணில் வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை ஏற்ற முடியாமற் போவதால் இலை வாடுகிறது. வாட்டத்தைத் தாகம் என்று நினைத்து இன்னொரு குவளை ஊற்றப்படுகிறது. விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் செருகி, ஈரம் படாதபோது மட்டும் ஊற்றுவது என்ற ஒரே விதி பல செடிகளைக் காக்கும்.

தொட்டியின் அடியில் ஜல்லியோ ஓட்டாஞ்சில்லோ கனமாகப் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. பௌதிகம் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. நுண்ணிய மண்ணின் துளைகள் நீரைத் தம் இழுவிசையால் பற்றியிருக்கும். கீழே உள்ள பெரிய இடைவெளிகளுக்கு, மேல்மண் முற்றும் நனைந்து ததும்பும் வரையில் நீர் இறங்குவதில்லை. ஆகையால் அடியில் தங்கவேண்டிய ஈரப்படலம் ஜல்லிக்கு மேலே, வேருக்கு இன்னும் அருகில் வந்து தங்குகிறது. துளையை மண் அடைக்காதபடி ஓர் ஓட்டுத் துண்டு போதும். வடிகால் வேண்டுமானால், செம்மண்ணோடு மணலும் மக்கிய தென்னை நார்க்கழிவும் தொழுவுரமும் கலந்து, மண் முழுவதையுமே பொலபொலப்பாக்க வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியைவிட, பக்கங்களின் வழியே ஈரம் கசிந்து உலரும் சுட்ட மண் தொட்டியே நிழலுக்கு ஏற்றது. வளர்ச்சி மெதுவாக இருக்கும் இடத்தில் உரமும் பாதியாகக் குறைய வேண்டும். தொட்டிக்கு அடியிலுள்ள தட்டில் நீர் நிற்கவிடலாகாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அத்தகைய தெளிந்த நீரிலேயே முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் வளர்ந்து பறந்துவிடும்.

இவ்வளவையும் பார்த்துச் செடியைக் கொண்டுவந்து வைத்த பிறகு, தேர்வு சரியா தவறா என்று எப்படி அறிவது? பழைய இலைகளைப் பார்த்துப் பயனில்லை. அவை பண்ணையின் வெளிச்சத்தில் பிறந்தவை. நம் வீட்டில் பிறந்த புதிய இலையே சாட்சி. அது முந்திய இலையைவிடச் சிறியதாகி, இரண்டு கணுக்களுக்கு இடையேயுள்ள தூரம் நீண்டிருந்தால், அந்த இடம் அந்தச் செடியின் தேவையை எட்டவில்லை என்பது நிச்சயம்; உரத்தையும் தண்ணீரையும் கூட்டாமல், தொட்டியை வானம் இன்னும் சற்று அதிகமாகத் தெரியும் இடத்துக்கு நகர்த்த வேண்டும், அல்லது அந்தச் செடியை வெயிலுள்ள ஒருவருக்குக் கொடுத்துவிட்டு அதைவிடக் குறைவாகக் கேட்கும் ஒன்றைத் தேட வேண்டும். புதிய இலை முந்தியதற்குச் சமமாகவோ பெரிதாகவோ விரிந்திருந்தால், வரவு செலவுக்கு மேல் மிச்சம் இருக்கிறது என்று கொள்ளலாம். அதன் பக்கத்தில் அதே வகையில் இன்னொரு தொட்டியைத் தைரியமாக வைக்கலாம்.